ஐப்பசி பிறந்தது, டி.வி. பருவமும் பிறந்தது!

புதுவையில் இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு. ஒன்று, வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்ப் பஞ்சாங்கம். மற்றொன்று, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பஞ்சாங்கம். 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளி இன்றும் நடக்கிற ஊர் அல்லவா? 'ராந்த்ரே' என்ற சொல் இங்கே பல குடும்பங்களுக்குத் தெரியும். கோடை விடுமுறை கழிந்து செப்டம்பரில் ஊர் திரும்பும் காலத்துக்குப் பிரெஞ்சு தேசத்தில் அதுதான் பெயர். பள்ளிக்கூடம், பார்லிமெண்டு, புத்தகக் கடை, டெலிவிஷன் எல்லாவற்றுக்கும் அங்கே அப்போதுதான் புதுக் கணக்கு.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். செப்டம்பர் பிறந்ததும் டெலிவிஷன் கம்பெனிகள் புது நாடகங்களை வரிசையாக இறக்கிவிடும். கோடையில் ஜனங்கள் ஊர் சுற்றப் போய்விடுவார்கள். பார்க்க ஆள் இராது. பழைய நாடகங்களைத் திரும்பப் போட்டு ஒப்பேற்றுவார்கள். குளிர் தொடங்கி, பொழுது குறுகி, எல்லோரும் வீட்டுக்குள் அடங்கியதும் புதுச் சரக்கு கடைக்கு வரும்.

இன்னொரு காரணமும் சொல்வதுண்டு. அந்த நாட்டு மோட்டார் கம்பெனிகள் புது மாடல் கார்களை இலையுதிர் காலத்தில் வெளியிடுவது வழக்கமாக இருந்தது. காருக்கு விளம்பரம் வேண்டும். விளம்பரத்துக்கு ஆள் கூட்ட வேண்டும். ஆள் கூட்டப் புது நாடகம் வேண்டும். ஆக, கதை பிறந்த காரணம் கார்!

நம் நாட்டில் கார் இருக்கும் இடத்தில் பட்டுப் புடவை இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கும் ஒரு பருவம்

'இலையுதிர் காலம்' என்பது நமக்குப் பொருந்தாத பேச்சு. நம் பக்கத்து மரங்கள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியில் இலை உதிர்வதில்லை, வானம்தான் உதிர்கிறது. ஆனால் அதே ஐப்பசியில்தான் தீபாவளி வருகிறது. ஜவுளிக்கடை, நகைக்கடை, மிட்டாய்க்கடை எல்லாம் வருஷத்து வியாபாரத்தை ஒரே மாதத்தில் பார்த்துவிடத் துடிக்கும் மாதம் அது. டெலிவிஷன்காரர்கள் சும்மா இருப்பார்களா?

தமிழ் டெலிவிஷனுக்கு முன்பெல்லாம் பருவம் என்று ஒன்று கிடையாது. பண்டிகை நாள் என்றால் விசேஷம். மற்ற நாள் என்றால் சாதாரணம். இந்த நிலைமை மாறியது 2020-ல். விஜய் டி.வி.யின் 'பிக்பாஸ்' தமிழில் முதன்முதல் வந்தது 2017 ஜூன் 25-ல். முதல் மூன்று வருஷமும் ஜூனில்தான் தொடங்கியது. கொரோனா வந்து எல்லாவற்றையும் தள்ளிப் போட்டது. நான்காவது வருஷம் அக்டோபர் 4-ல் தொடங்கினார்கள். அந்த மாதம் கைராசியாகிவிட்டது போலும்! 2021-ல் அக்டோபர் 3, 2022-ல் அக்டோபர் 9, 2023-ல் அக்டோபர் 1, 2024-ல் அக்டோபர் 6, 2025-ல் அக்டோபர் 5 என்று வருஷா வருஷம் அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமையிலேயே வீட்டுக் கதவு திறந்தது. நூறு நாளைக்கு மேல் ஓடிப் பொங்கலை ஒட்டி முடிவது வழக்கமாயிற்று. நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று கடைத்தெரு கலகலக்கும் மாதங்கள் அத்தனையும் அதற்குள் அடக்கம்.

இந்த நிகழ்ச்சியின் மூலக்கதை பிறந்ததும் ஒரு செப்டம்பரில்தான். 1999 செப்டம்பரில் ஹாலந்து தேசத்தில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் தொடங்கியது அது. ஊரைச் சுற்றி உலகத்தைச் சுற்றிப் புதுவைக் கடற்கரைக்கு வந்து சேர இருபது வருஷம்கூட ஆகவில்லை.

ஆன்டெனா காலம்

புதுவைக்காரர்கள் டெலிவிஷனுக்குக் காத்திருந்தவர்கள். இந்தியாவில் முதல் ஒளிபரப்பு டில்லியில் 1959 செப்டம்பர் 15-ல் நடந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-ல் வந்தது. சென்னைக்கும் புதுவைக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். அங்கே எழும்பிய ஒளி இங்கே எட்டுவதற்குக் காலம் பிடித்தது. அதுவரை புதுவைக்குத் துணை ரேடியோதான். 1967 செப்டம்பரில் தொடங்கிய புதுவை வானொலி நிலையம் நாட்டுப்புறப் பாட்டும், நாடகமும், மீனவருக்கு வானிலையும் சொல்லிக்கொண்டிருந்தது.

1984-ல் மத்திய அரசாங்கம் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்களை ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் நிறுவியது. அந்த எண்பதுகளில்தான் வீட்டுக்கு வீடு கூரை மேல் அலுமினியக் கம்பி முளைத்தது. ஒருவர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். இன்னொருவர் ஜன்னலில் நின்று, "வந்துது... வந்துது... போச்சு!" என்று கத்துவார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் தெரு காலி. 1988 அக்டோபர் 2-ல் 'மகாபாரதம்' இந்தியில் தொடங்கியபோது, ஒரு வார்த்தை இந்தி தெரியாத பாட்டிமார்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து முழுகி டி.வி. முன் உட்கார்ந்தார்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன? சகுனி யார், கர்ணன் யார் என்று அவர்களுக்கா சொல்லித்தர வேண்டும்?

1993 ஏப்ரல் 14, தமிழ் வருஷப் பிறப்பன்று, சன் டி.வி. வந்தது. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 'சித்தி' 1999 டிசம்பரில் தொடங்கியது. இரவு சாப்பாட்டு நேரம் மாறியது. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாரின் கதையாக 'மெட்டி ஒலி' 2002-ல் வந்தது. 'கோலங்கள்' 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பர் வரை 1,533 நாள் ஓடியது. அமெரிக்காக்காரர்கள் ஒரு பருவத்துக்கு இருபது, இருபத்திரண்டு நாடகம் போட்டுவிட்டுக் கோடைக்கு ஓய்வெடுக்கப் போவார்கள். நம் சீரியலுக்கு வசந்தமும் கிடையாது. இலையுதிர் காலமும் கிடையாது. வருஷம் முழுக்கப் பூத்திருக்கும் நித்தியகல்யாணி அது.

முத்தியால்பேட்டையில் ஒரு வீடு

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஆயிரம் வீடுகளில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும்.

தாத்தா ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். ஆயாவுக்கு முழங்கால் வலி. திண்ணை தாண்டிப் போவதில்லை. மகன் வெளியூரில் வேலை. மருமகள் தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறாள். பேரனுக்குப் பதினைந்து வயது. அவனுக்கு டி.வி.யே தேவையில்லை, கையில் போன் இருக்கிறது.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆயா பெட்டியைப் போடுகிறாள். பத்தரை மணிக்கு அணைக்கிறாள். நடுவில் எட்டுக் கதை. எட்டுக் கதையிலும் குறைந்தது ஆறு மாமியார், எட்டு மருமகள், நாலு கல்யாணம், இரண்டு கடத்தல். இவ்வளவையும் ஆயா ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதே இல்லை. கணக்கெழுதும் குமாஸ்தாகூட இவ்வளவு சரியாக ஞாபகம் வைத்திருக்கமாட்டார்.

"ஏன் அத்தை, இவ எப்போ பாத்தாலும் பட்டுப் புடவையிலேயே சமைக்கிறாளே, எண்ணெய் தெறிக்காதா?" என்று மருமகள் கேட்கிறாள்.

"அவளுக்கு என்னாடி? துவைக்கிறது யாரோ!" என்கிறாள் ஆயா.

விமர்சனம் என்றால் இதுதான் விமர்சனம்! பத்திரிகைக்காரர்கள் இரண்டு பத்தியில் எழுதுவதை ஆயா நாலு வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

ஆயாவுக்கு இன்னும் குறைகள் உண்டு. ஒரு அறை விழுந்தால் அதை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டுகிறார்கள். திங்கட்கிழமை கேட்ட கேள்விக்கு வியாழக்கிழமை பதில் வருகிறது. அரை மணி நேரம் என்று பெயர்; விளம்பரம் போக, நேற்று நடந்தது போக, நாளை நடக்கப் போவது போக, இன்று நடப்பது கொஞ்சம்தான். இருந்தும் ஏன் பார்க்கிறாள்?

இந்தக் கேள்விக்குப் பதில் கதையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. பகல் முழுக்க அந்த வீட்டில் யாரும் யாருடனும் பேசுவதில்லை. பேச நேரமில்லை. சாயங்காலம் சீரியல் ஓடும்போதுதான் மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்கள். திரையில் வரும் மாமியாரைத் திட்டும் சாக்கில் மருமகள் தன் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். திரையில் வரும் மருமகளைத் திட்டும் சாக்கில் ஆயாவும் பதில் சொல்லிவிடுகிறாள். சண்டை இல்லாமலே சண்டை தீர்ந்துவிடுகிறது. இந்த உபகாரத்தை எந்த டைரக்டரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

பிக்பாஸ் வந்த பிறகு

அக்டோபரில் இந்த ஒழுங்கு கலைகிறது. பேரன் போனை வைத்துவிட்டு முதல் தடவையாக டி.வி. முன் வந்து உட்காருகிறான்.

"ஆயா, பிக்பாஸ் போடு!"

"அதுல என்னாடா கதை?"

"கதையே கெடையாது ஆயா. அதான் கதை!"

பையன் சொன்னது முக்கால்வாசி சரி. ஒரு வீடு, அதில் முன்பின் பழக்கமில்லாத பலர், வெளியுலகத் தொடர்பு கிடையாது, சுற்றிலும் காமிரா. வாரத்துக்கு ஒருவர் வெளியே போக வேண்டும். யார் போவது என்பதில் பார்ப்பவர்களின் ஓட்டுக்கும் பங்கு உண்டு. ஏழு வருஷம் இதைக் கமல் ஹாசன் நடத்தினார். 2024 அக்டோபரில் விஜய் சேதுபதி அந்த நாற்காலிக்கு வந்தார். சனி, ஞாயிறில் அவர் வந்து பஞ்சாயத்துப் பண்ணுவதைப் பார்க்கத்தான் பெரியவர்களும் உட்காருகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்து இல்லாமல் போன குறை இப்படித் தீருகிறது போலும்.

ஆயாவின் தீர்ப்பு வேறு. "நூறு நாள் சோறு போட்டு, வேலை வெட்டி இல்லாம ஒக்கார வெச்சா யாருதான் சண்ட போட மாட்டாங்க?" என்கிறாள். இதைவிடச் சுருக்கமாக அந்த நிகழ்ச்சியின் சூத்திரத்தைச் சொல்ல முடியாது.

ஆனால் கவலைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. சீரியலில் வில்லி அழுதால் அது நடிப்பு என்று ஆயாவுக்குத் தெரியும். இங்கே அழுகிறவள் நிஜமான பெண். அவளுக்கு வெளியே அம்மா அப்பா உண்டு; திரும்பிப் போக வேண்டிய தெரு உண்டு. நேயர்கள் போனில் அவளைத் திட்டித் தீர்க்கும்போது இந்த வித்தியாசம் மறந்துபோகிறது. பதினைந்து வயதுப் பையனுக்கு அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். போனில் தனியாகப் பார்த்தால் சொல்ல ஆள் ஏது? குடும்பத்தோடு டி.வி. பார்ப்பதில் இன்னும் மிச்சமிருக்கிற நன்மை இதுதான்.

தீபாவளிப் பலகாரம்

தீபாவளி நாளின் நிகழ்ச்சி நிரல் மட்டும் முப்பது வருஷமாகப் பெரிதாக மாறவில்லை. காலையில் மங்கள இசை. அப்புறம் ஆன்மிகப் பேச்சு. பத்து மணி வாக்கில் பட்டிமன்றம். சாலமன் பாப்பையா நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தால்தான் பல வீடுகளில் தீபாவளி வந்ததாக அர்த்தம். பிறகு நட்சத்திரப் பேட்டி. மத்தியானமும் சாயங்காலமும் புதுப் படம். எந்தப் படம், எந்த டி.வி.யில் என்பது ஒரு வாரம் முன்பே தெருவில் பேச்சு.

ஒருகாலத்தில் அந்தப் புதுப் படத்துக்காக ஜனங்கள் ஏங்கியது உண்மை. இப்போது படம் தியேட்டருக்கு வந்த சில வாரங்களில் போனுக்கு வந்துவிடுகிறது. தீபாவளிக்கு டி.வி.யில் வரும்போது பேரன் அதை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்துவிட்டிருப்பான். ஆகவே படம் போடுவதால் மட்டும் கூட்டம் சேராது. பட்டிமன்றம் இன்னும் நிற்பதற்கு இதுவே காரணம். அது பழசாவதில்லை, சுட்ட அன்றே தின்ன வேண்டிய வடை மாதிரி.

கணக்கெடுப்பவர் கணக்கு

யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? 2015-லிருந்து 'பார்க்' என்ற அமைப்பு இந்தக் கணக்கை எடுத்து வாரந்தோறும் வெளியிடுகிறது. நாட்டில் டி.வி. உள்ள வீடுகள் 20 கோடிக்கு மேல். கணக்குக் கருவி வைத்திருக்கும் வீடுகளோ ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். அதாவது ஏறக்குறைய 4,000 வீடுகளுக்கு ஒரு வீடு பிரதிநிதி. ஒளிபரப்பின் சத்தத்திலேயே காதுக்குக் கேட்காத ஒரு குறி கலந்திருக்கும். அந்தக் குறியைக் கருவி பிடித்து, எந்த நிகழ்ச்சி என்று கண்டுகொள்ளும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். பார்க்க உட்காரும்போது அவரவர் பொத்தானை அழுத்த வேண்டும்.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் விளம்பரக்காரர் பணம் கொடுக்கிறார். எண் குறைந்தால் கதாநாயகிக்கு விபத்து நடக்கிறது; இன்னும் குறைந்தால் கதையே முடிந்துவிடுகிறது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த 12 நிமிடத்தை விற்பதற்காகத்தான் மற்ற 48 நிமிடமும் தயாராகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு நேயர்கள் கேபிளுக்குக் கொடுக்கும் பணம் வேறு.

இந்தக் கணக்கில் புதுவைக்கு ஓர் இடம் உண்டு. தமிழ்நாடும் புதுவையும் சேர்ந்து ஒரே சந்தை என்று வகுத்திருக்கிறார்கள். ஆக, ஆயா பார்ப்பதும் எண்ணிக்கையில் சேர்த்தி. அவள் வாங்கும் சோப்புக்கும் கணக்கு உண்டு. ஆனால் அவளுடைய ஊர் திரையில் எங்கே?

திரையில் தெரியாத ஊர்

புதுவை திரையில் தெரியவே தெரியாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். கடற்கரைச் சாலை தெரியும். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் உள்ள வெள்ளைக்காரத் தெருக்கள் தெரியும். காதலர்கள் அங்கே சைக்கிளில் போவார்கள். பாட்டு முடிந்ததும் காமிரா சென்னைக்குத் திரும்பிவிடும். கால்வாய்க்கு மேற்கே இருக்கும் ஊரை அது எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

கதைக்குப் பஞ்சமா புதுவையில்? தமிழின் முதல் நெடுந்தொடர் எழுதியவரே புதுவைக்காரர் என்று சொல்லலாம். துபாஷ் ஆனந்தரங்கம் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761-ல் இறக்கும் காலம் வரை எழுதினார். கப்பல் வந்தது, விலை ஏறியது, துரை கோபித்தது, துரைசானி சூழ்ச்சி செய்தது, முற்றுகை, பஞ்சம், கல்யாணம், சாவு! இருபத்தைந்து வருஷக் கதை. எந்தச் சீரியல் இவ்வளவு காலம் ஓடியிருக்கிறது? அதிலிருந்து பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற நாவல்களைப் படைத்தார். பின்னதற்கு 1995-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

பழங்கதை வேண்டாம் என்றால் முத்தியால்பேட்டைத் தாத்தாவைக் கேட்கலாம். 1936 ஜூலை 30-ல் வேலைநிறுத்தம் செய்த புதுவை ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. அதைத் தாத்தா பார்த்ததில்லை. அவருடைய தகப்பனார் சொல்லக் கேட்டவர். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டளித்தார்கள்; 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-ல் கொடி மாறியது. ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொள்ள, தம்பி இந்தியனானான். இதைவிடப் பெரிய குடும்பக் கதை வேண்டுமா?

புதுவை வீடுகளுக்கு ஒருகாலத்தில் நேரம் சொன்னது ஆலைச் சங்கு. சங்கு ஊதினால் அடுப்பு எரியும். சங்கு ஊதினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும். முதலியார்பேட்டையில் இருக்கும் ஏ.எப்.டி. ஆலையை 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் உருக்குலைத்தது. 2020 ஏப்ரல் 30-ல் அது ஒரேயடியாக மூடப்பட்டது. இப்போது வீட்டுக்கு நேரம் சொல்வது சீரியலின் தலைப்புப் பாட்டு. "ஏழரை மணிப் பாட்டு வந்துடுச்சு, சோறு வை" என்கிறார் தாத்தா. அவருக்குச் சீரியல் பிடிக்காது. ஆனால் சங்குக்குப் பழகிய காது; ஏதாவது ஒன்று ஊத வேண்டும்.

அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பேசும் புதுவைத் தமிழும், அதில் ஊடாடும் பிரெஞ்சுச் சொற்களும், ஆலைவாசல் கதைகளும் அவர்களோடு போய்விடும். பழைய பென்ஷன்கார 'சொல்தா'க்களின் கதையும் அப்படித்தான். எட்டுக் கதை ஓடும் சாயங்காலத்தில் ஒன்பதாவதாக அவர்கள் கதைக்கு இடம் இல்லை.

டி.வி. கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள் நாடகம் தயாரிக்க வேண்டும். நடிகர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஸ்டூடியோக்களும் அங்கேயே இருக்கின்றன. ஒரே பங்களாவை வாடகைக்கு எடுத்து, அதில் மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று படம் பிடித்துத் தள்ளினால்தான் கட்டுப்படியாகும். ஆனாலும் மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்குச் சாட்சி இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளையும் வீதிகளையும் வைத்தே 'நாதஸ்வரம்' ஓடியது. 2014-ல் அதன் ஆயிரமாவது நாடகத்தை வெட்டும் ஒட்டும் இல்லாமல், இருபத்து மூன்று நிமிடம் ஒரே மூச்சில் நேரடியாக ஒளிபரப்பிக் காட்டினார்கள். பெண்களை அடக்கி ஆளும் ஒரு பெரிய வீட்டில் படித்த மருமகள்கள் தலைநிமிர்வதைச் சொன்ன 'எதிர்நீச்சல்' 2022-லிருந்து 2024 வரை வீட்டுக்கு வீடு விவாதம் மூட்டியது. அதில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ல் அந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து காலமானார். அன்று புதுவையிலும் பெண்கள் கண் கலங்கினார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் திட்டித் தீர்த்த மனிதருக்காக அழுதார்கள். நல்ல நடிப்புக்கு ஜனங்கள் செலுத்தும் மரியாதை அது. நல்லதைக் கொடுத்தால் வேண்டாமென்று யாரும் சொல்வதில்லை.

திரை இருண்ட இரவு

புதுவையில் டெலிவிஷன் பருவமும் புயல் பருவமும் ஒன்றாகவே வருகின்றன.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. பிக்பாஸ் பஞ்சாயத்து நடக்கும் நாள். அன்று இரவு 'பெஞ்சல்' புயல் புதுவை அருகே கரை ஏறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. மின்சாரம் நின்றது. கிருஷ்ணா நகர்ப் பக்கம் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது.

அன்று பகல் முழுக்க டி.வி.யில் புயல் படம்தான். எங்கே இருக்கிறது, எப்போது கரை ஏறும் என்று நிமிடத்துக்கு நிமிடம் சொன்னார்கள். மீனவர் குப்பங்களில் அந்தச் செய்திக்குத் தனி மதிப்பு உண்டு. படகை மேலே ஏற்றுவதா, வேண்டாமா என்பது அதில்தான் இருக்கிறது. ஆனால் புயல் வாசலுக்கு வந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று, பெட்டி இருண்டது. வெளிநாட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் புதுவை வெள்ளத்தைத் திரையில் பார்த்தார்கள். வெள்ளத்தில் நின்றவர்களுக்குப் பார்க்க வழியில்லை.

அப்படிப்பட்ட இரவில் நமது மாதிரி வீட்டில் என்ன நடக்கும்? பேரனின் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். தாத்தா பரணிலிருந்து பழைய பாட்டரி ரேடியோவை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். செய்ய ஒன்றுமில்லை. பையன் கேட்பான்: "தாத்தா, ஆலையில வெள்ளம் வந்துச்சாமே, அப்போ நீ என்ன பண்ணே?"

தாத்தா சொல்லத் தொடங்குவார். தறி நின்ற கதை, சம்பளம் நின்ற கதை, சங்கு நின்ற கதை. விளம்பர இடைவேளை கிடையாது. யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

மின்சாரம் எப்படியும் திரும்பி வரும். சீரியலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வரவும் வேண்டும், ஆயாவுக்கு அது துணை. ஆனால் அந்தப் பையன் கையில் ஒரு போன் இருக்கிறது. அதில் ஒரு காமிராவும் இருக்கிறது. தாத்தா பேசுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் பதிவு செய்துவைத்தால் அதற்கு ஸ்டூடியோ வேண்டாம், விளம்பரக்காரர் வேண்டாம், 4,000 வீட்டுக்கு ஒரு கருவியும் வேண்டாம். புதுவையின் சொந்தக் கதை அங்கிருந்து தொடங்கலாம். காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும். தாத்தாக்கள் 1,533 நாள் காத்திருக்கமாட்டார்கள்.